யூரின் கல்ச்சரில் வளராத கிருமி ஸ்வாபில் எப்படி வந்தது?

வாசகர் கடிதம்:

"டாக்டர், எனக்கு வயது 31. திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு மாதமாக வெள்ளைப்படுதலும், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் இருக்கின்றன. முதலில் யூரின் கல்ச்சர் எடுத்தோம். கிருமி எதுவும் வளரவில்லை என்று வந்தது. எரிச்சல் போகாததால் வேறொரு லேபில் ரத்தம் கொடுத்தேன். கிளமிடியா ஐஜிஜி பாசிட்டிவ் என்றார்கள். அப்புறம் மகளிர் மருத்துவர் பிறப்புறுப்பில் பஞ்சுக்குச்சியால் ஸ்வாப் எடுத்து, பல கிருமிகளை ஒன்றாகத் தேடும் பிசிஆர் பேனலுக்கு அனுப்பினார். அதில் கிளமிடியா பாசிட்டிவ், யூரியாபிளாஸ்மா பர்வம் பாசிட்டிவ், கொனோரியாவும் மைக்கோபிளாஸ்மா ஜெனிடாலியமும் நெகட்டிவ். என் கணவர் சிறுநீர் கொடுத்து அதே பிசிஆர் செய்தார். அவருக்கு எல்லாமே நெகட்டிவ். நடுவில் வரும் சிறுநீரைப் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்களாம். பத்து நாள் முன்பு அவர் தொண்டைவலிக்கு அசித்ரோமைசின் சாப்பிட்டிருந்தார். சிபிலிஸுக்கான விடிஆர்எல் ரத்தப் பரிசோதனை இருவருக்கும் நெகட்டிவ். அவருக்கு இல்லாதது எனக்கு எப்படி வந்தது என்ற கேள்வியில் வீட்டில் பேச்சே நின்றுவிட்டது. இந்தச் சோதனைகளில் எது சரி? தவறே செய்யாத சோதனை எது? மறுபடி ஒருமுறை கொடுத்துப் பார்க்கட்டுமா?"

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

கடிதத்தைப் படித்ததும் சோதனைப் பெயர்களைவிட, வீட்டில் பேச்சு நின்றுபோனது என்ற வரிதான் மனதை உறுத்தியது. அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்வாபில் செய்த பிசிஆரை நம்புங்கள். உங்களுக்குக் கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று இருக்கிறது. மாத்திரையில் குணமாகிவிடும். ஆனால் அது எப்போது வந்தது, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று எந்த லேபாலும் சொல்ல முடியாது. உங்கள் கணவரின் நெகட்டிவ் ரிப்போர்ட்டை வைத்து உங்கள்மேல் பழி சொல்ல வழியே இல்லை. ஏன் என்று கீழே விளக்குகிறேன். அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

நான் நோயாளிகளை நேரில் பார்ப்பதைவிட அவர்கள் கொடுக்கும் சாம்பிள்களை அதிகம் பார்க்கிற நுண்ணுயிரியல் மருத்துவர். லேபில் எங்களுக்குத் தினமும் கண்ணில் படும் உண்மை ஒன்று உண்டு. ஒரு சோதனை, தன்னிடம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். உங்கள் மூன்று ரிப்போர்ட்டுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. மூன்றிடமும் கேட்ட கேள்விகள் வேறு வேறு.

முதல் ரிப்போர்ட், யூரின் கல்ச்சர். சாதாரண சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களைத் தேடும் சோதனை இது. சிறுநீரைத் தட்டில் இருக்கும் அகர் கூழில் தடவி, உடல் சூட்டில் ஒரு இரவு வைத்தால் அவை புள்ளி புள்ளியாக வளர்ந்துவிடும். கிளமிடியா அப்படி வளராது. அது உயிருள்ள செல்லுக்குள் புகுந்தால்தான் பெருகும் பாக்டீரியா. எத்தனை சத்துள்ள அகரைக் கொடுத்தாலும் அதற்குப் பயனில்லை. 1907இல் ஜாவா தீவில் ஹால்பர்ஸ்டேட்டர், ப்ரோவாசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் டிராக்கோமா கண்நோயில் செல்லுக்குள் இதன் கூட்டத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டார்கள். ஆனால் சீனாவில் டாங் ஃபெய்ஃபான் குழுவினர் கோழி முட்டைக் கருவில் அதை வளர்த்து அறிவித்தது 1957இல்தான். கண்ணால் கண்டதற்கும் கையில் வளர்த்ததற்கும் நடுவே ஐம்பது ஆண்டுகள்! அப்படிப்பட்ட கிருமி உங்கள் யூரின் கல்ச்சர் தட்டில் எப்படி வளரும்?

கொனோரியாவின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். வெட்டை என்று நம் ஊர்களில் பழைய பெயர் உண்டே, அந்த நோய். அதன் கிருமி தட்டில் வளரும் என்றாலும், ரத்தத்தைச் சூடாக்கிச் செய்யும் பழுப்பு நிற சாக்லேட் அகர், 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு உள்ள காற்று, 2 நாள் முதல் 3 நாள் அவகாசம் எல்லாம் வேண்டும். வழக்கமான யூரின் கல்ச்சரில் இவை எதுவும் கிடையாது. ஆகவே "கிருமி வளரவில்லை" என்ற வரிக்கு "வழக்கமான சிறுநீர்க் கிருமிகள் வளரவில்லை" என்று பொருள் கொள்ளுங்கள். பால்வினைத் தொற்று இல்லை என்று அந்த ரிப்போர்ட் சொல்லவே இல்லை. உங்கள் யூரின் ரிப்போர்ட்டில் சீழ் செல்கள் எத்தனை என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். சீழ் செல்கள் நிறைய இருந்து கிருமி மட்டும் வளரவில்லை என்றால், அங்கேயே ஒரு மருத்துவர் கிளமிடியாவையும் கொனோரியாவையும் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பல சமயம் அது நடப்பதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

இரண்டாவது, ரத்தத்தில் ஐஜிஜி. இது கிருமியைத் தேடும் சோதனை கிடையாது. கிருமியை உடல் எப்போதாவது சந்தித்ததா என்று பார்க்கிறது. ஐஜிஜி என்பது கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள். அது தொற்று குணமான பிறகும் ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். இன்னொரு குழப்பமும் உண்டு. நுரையீரலைத் தாக்கும் கிளமிடியா நிமோனியே என்ற உறவுக்காரக் கிருமி இருக்கிறது. பெரியவர்களில் கணிசமானோர் அதை எப்போதோ சளி, இருமலோடு சந்தித்திருப்பார்கள். அதற்கு எதிராக உருவான எதிர்ப்பொருளும் சில சோதனைகளில் பாசிட்டிவ் காட்டிவிடும். பிறப்புறுப்பில் இப்போது தொற்று இருக்கிறதா என்று அறிய இந்த ரத்தப் பரிசோதனையை எந்த முக்கிய வழிகாட்டுதலும் பரிந்துரைப்பதில்லை. எல்ஜிவி என்ற தீவிர வகைக் கிளமிடியாவைச் சந்தேகிக்கும்போது மட்டும் துணைக்கு வைத்துக்கொள்வார்கள். உங்களுக்கு அது பாசிட்டிவாக வந்தது பிசிஆருடன் ஒத்துப்போவது தற்செயலாகவும் இருக்கலாம். நெகட்டிவாக வந்திருந்தாலும் என் பதில் மாறியிருக்காது. அந்தக் காகிதத்தை ஓரமாக வைத்துவிடுங்கள்.

இப்போது மூன்றாவது. இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பிசிஆர் கிருமியை வளர்ப்பதில்லை. அதன் மரபணுவின் ஒரு சிறு துண்டைத் தேடிப் பிடித்து, ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நாலாக்கி, முப்பது நாற்பது சுற்றில் கோடிக்கணக்காகப் பெருக்கிக் காட்டுகிறது. கேரி மல்லிஸ் 1983இல் கண்ட யோசனை இது. அதற்காக 1993இல் நோபல் பரிசு பெற்றார். கிளமிடியாவுக்குள் பிளாஸ்மிட் என்ற ஒரு சிறு டிஎன்ஏ வளையம் இருக்கிறது. ஒரே பாக்டீரியாவுக்குள் ஏழு முதல் பத்துப் பிரதிகள் வரை இருக்கும். அதைக் குறிவைத்தால், ஸ்வாபில் மிகக் குறைந்த கிருமிகள் இருந்தாலும் சிக்கிவிடும். வேறு சில சோதனைகள் கிருமியின் ரைபோசோம் ஆர்என்ஏவைத் தேடும். அது ஒரு கிருமிக்குள் ஆயிரக்கணக்கில் இருக்கும். இந்த வகைச் சோதனைகள் எல்லாவற்றுக்கும் மரபணுப் பெருக்கச் சோதனை என்று பொதுப்பெயர்.

பழைய முறைகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். செல் வளர்ப்பு முறையில், அதாவது மெக்காய் என்ற செல்களுக்குள் கிளமிடியாவை வளர்த்துப் பார்த்தால், உண்மையில் தொற்று உள்ள 100 பேரில் 60 முதல் 80 பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஸ்வாபைக் குளிரிலேயே வைத்து உடனே லேபுக்குக் கொண்டுபோக வேண்டும், முடிவுக்கு நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும், பயிற்சி பெற்ற கண் வேண்டும். கிருமியின் புரதத்தைத் தேடும் எலிசா சோதனைகளும் ஒளிரும் சாயச் சோதனைகளும் அதைவிட எளிது. ஆனால் தவறவிடுவது அதிகம். பட்டையில் கோடு காட்டும் விரைவுச் சோதனைகள் பலவும் இந்தக் குடும்பம்தான். அதில் ஒரு கோடு வரவில்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். பிசிஆர் வகைச் சோதனைகள் 100 பேரில் 90க்கு மேல் பிடிக்கின்றன. தொற்று இல்லாதவர்களில் 99 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்டோருக்குச் சரியாக நெகட்டிவ் சொல்கின்றன. கார்ட்ரிட்ஜ் பொருத்தி ஒன்றரை மணி நேரத்தில் முடிவு தரும் கருவிகளும் வந்துவிட்டன. அவை வேகமானவை என்றாலும் உள்ளே நடப்பது பிசிஆர்தான். பட்டைச் சோதனையையும் கார்ட்ரிட்ஜையும் "ரேப்பிட்" என்ற ஒரே பெயரில் அழைப்பதால் ஏற்படும் குழப்பம் கொஞ்சநஞ்சம் இல்லை.

சரி, பிசிஆர் தவறே செய்யாதா? செய்யும். 2006இல் ஸ்வீடனின் ஹாலண்ட் பகுதியில் கிளமிடியா எண்ணிக்கை திடீரென்று குறைந்தது. நோய் குறைந்துவிட்டது என்று மகிழ்ந்து விட்டுவிடாமல், ஏன் என்று தோண்டினார்கள். கிருமியின் பிளாஸ்மிடில் 377 டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட ஒரு பகுதி அறுந்துபோயிருந்தது. அப்போது பரவலாக இருந்த சில சோதனைகள் அந்தப் பகுதியைத்தான் குறிவைத்தன. குறியே இல்லாத கிருமி சோதனையின் கண்ணில் படாமல் பரவிக்கொண்டிருந்தது. 2019இல் பின்லாந்திலும் ஏறத்தாழ இதே கதை. ரைபோசோம் ஆர்என்ஏவில் ஒரே ஒரு எழுத்து மாறி, அதைத் தேடிய ஒரு சோதனை ஏமாந்தது. அதனால்தான் நல்ல சோதனைகள் இப்போது ஒரே கிருமியில் இரண்டு இடங்களைக் குறிவைக்கின்றன. எங்கள் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் ஸ்வீடனில் நடந்ததுதான். நல்ல செய்தி போலத் தெரிந்த ஒரு எண்ணைச் சந்தேகிக்க அவர்களுக்குத் தோன்றியதே!

இன்னொரு பக்கம், இல்லாததை இருப்பதாகச் சொல்வது. இதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பொறுமையாகப் பாருங்கள். 100க்கு 95 பேரைக் கண்டுபிடிக்கும், இல்லாதவர்களில் 100க்கு 99 பேரைச் சரியாக விடுவிக்கும் ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். எந்தத் தொந்தரவும் இல்லாத 1,000 பேருக்கு அதைச் செய்கிறோம். அவர்களில் 20 பேருக்குத்தான் உண்மையில் தொற்று என்றால், 19 பேர் சிக்குவார்கள். மீதி 980 பேரில் ஒரு சதவீதம், அதாவது சுமார் 10 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வரும். ஆக 29 பாசிட்டிவில் மூன்றில் ஒன்று பொய். இதே சோதனையை அறிகுறியோடு வரும் 1,000 பேருக்குச் செய்து, அவர்களில் 200 பேருக்குத் தொற்று இருந்தால், 190 உண்மைப் பாசிட்டிவுக்கு 8 பொய்ப் பாசிட்டிவ்தான் வரும். சோதனை மாறவில்லை, சோதனை செய்துகொள்கிறவர்கள் மாறியிருக்கிறார்கள். உங்களுக்கு இரண்டு மாதமாக அறிகுறி இருக்கிறது, மருத்துவர் பரிசோதித்து, சரியான இடத்தில் ஸ்வாப் எடுத்திருக்கிறார். அதனால்தான் உங்கள் பாசிட்டிவை நான் தயங்காமல் ஏற்கிறேன். அதை உறுதிசெய்ய இன்னொரு சோதனை வேண்டாம். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

இப்போது உங்கள் கணவரின் ரிப்போர்ட்டுக்கு வருவோம்.

ஆண்களுக்குச் சிறுநீரில் பிசிஆர் செய்வது நல்ல முறைதான். ஆனால் எந்தச் சிறுநீர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிளமிடியா தங்குவது சிறுநீர்க் குழாயின் உட்சுவரில். முதலில் வெளிவரும் சிறுநீர்தான் அந்தச் சுவரைக் கழுவிக் கிருமியைக் கொண்டுவரும். குறைந்தது ஒரு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்து, முன்கூட்டிச் சுத்தம் செய்யாமல், முதல் 20 முதல் 30 மில்லி லிட்டரை மட்டும் பிடிக்க வேண்டும். அவரிடம் நடுச் சிறுநீரைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது யூரின் கல்ச்சருக்கான விதி. இந்தச் சோதனைக்கு நேர் எதிரான விதி. தேட வேண்டிய கிருமியைக் கழிவறையில் விட்டுவிட்டு மிச்சத்தை லேபுக்குக் கொண்டுபோன கதையாக ஆகியிருக்கலாம். அதோடு அவர் சாப்பிட்ட அசித்ரோமைசின் கிளமிடியாவுக்கும் தரப்படும் மருந்துதான். தொண்டைக்கு என்று விழுங்கினாலும் கிருமி அதைப் பார்த்துப் பிரித்து அறியாது. அவருக்குத் தொற்று இருந்து அடங்கியிருக்கலாம், அரைகுறையாக மறைந்திருக்கலாம், அல்லது அவருக்கு வராமலேயும் இருந்திருக்கலாம். தம்பதிகளில் ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாமல் போவதை நாங்கள் அடிக்கடிப் பார்க்கிறோம். இந்த மூன்றில் எது என்று அந்தக் காகிதத்தால் பிரித்துச் சொல்ல இயலாது.

உங்கள் மனதில் உள்ள கேள்வியைத் தட்டிக் கழிக்க எனக்கு விருப்பமில்லை. பெரியவர்களுக்குப் பிறப்புறுப்பில் வரும் கிளமிடியா உடலுறவு வழியாகத்தான் பரவுகிறது. கழிவறை இருக்கையிலிருந்தோ துண்டிலிருந்தோ வந்திருக்கும் என்று சமாதானம் சொன்னால் அது பொய்யாகிவிடும். ஆனால் இந்தத் தொற்று பெரும்பாலான பெண்களுக்கும் பல ஆண்களுக்கும் எந்த அறிகுறியும் காட்டாமல் மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டையும் தாண்டி உள்ளேயே இருக்கும். அறிகுறி யாருக்கு முதலில் வந்ததோ அவருக்குத்தான் தொற்று முதலில் வந்தது என்று கொள்ள முடியாது. பிசிஆர் ரிப்போர்ட்டில் தேதி இருக்கும். அது ஸ்வாப் எடுத்த தேதி. தொற்றிய தேதி எந்த ரிப்போர்ட்டிலும் இருக்காது. அந்தப் பேச்சை நீங்கள் இருவரும் பேசித்தான் ஆக வேண்டும் என்றாலும், லேப் காகிதத்தைச் சாட்சிக்கு வைத்துப் பேசாதீர்கள். 2020இல் மட்டும் உலகில் சுமார் 12.9 கோடிப் புதிய கிளமிடியா தொற்றுகளும் 8.2 கோடிப் புதிய கொனோரியா தொற்றுகளும் ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஒழுக்கம் கெட்டவர்களுக்கு வரும் நோய் என்ற பழைய எண்ணத்தை வைத்துக்கொண்டு இத்தனை கோடிப் பேரைப் பார்க்க என்னால் முடியவில்லை.

பெண்களுக்குச் சிறுநீரைவிட யோனி ஸ்வாப்தான் சிறந்த சாம்பிள். சிறுநீரை மட்டும் நம்பினால் பத்தில் ஒரு தொற்று வரை தவறிப்போகலாம். அந்த ஸ்வாபை மருத்துவர்தான் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. சொல்லிக்கொடுத்தபடி நீங்களே எடுத்தாலும் முடிவு அதே தரத்தில் இருக்கும். பரிசோதனை மேசையில் படுக்கக் கூச்சப்பட்டே சோதனைக்கு வராத பெண்களுக்கு இதைச் சத்தமாகச் சொல்ல ஆசை. தொண்டையிலோ ஆசனவாயிலோ தொடர்பு இருந்திருந்தால் அந்த இடத்திலும் தனி ஸ்வாப் எடுக்க வேண்டும். சிறுநீர் நெகட்டிவ் என்பதால் தொண்டையும் நெகட்டிவ் என்று ஆகாது.

கொனோரியா உங்களுக்கு நெகட்டிவ், நல்லது. ஆனாலும் சோதனைகளை ஒப்பிட்டுச் சொல்லும்போது அதை விட்டுவிட மனமில்லை, ஏனென்றால் பிசிஆர் மட்டும் போதும் என்ற எண்ணம் இங்கேதான் உடைகிறது. ஆல்பர்ட் நைசர் 1879இல் இந்தக் கிருமியைக் கண்டதே மைக்ரோஸ்கோப்பில்தான். இன்றும் சீழ் வடியும் ஒரு ஆணின் ஸ்லைடில் கிராம் சாயம் ஏற்றிப் பார்த்தால், சீழ் செல்லுக்குள் காப்பிக்கொட்டை ஜோடி போல இரண்டிரண்டாக அமர்ந்திருக்கும். சில நிமிடங்களில், 95 சதவீதத்துக்கு மேல் சரியாக விடை கிடைத்துவிடும். அதே சாயம் பெண்களின் கருப்பை வாய் ஸ்லைடில் பாதியளவுதான் பிடிக்கும். தொண்டைக்கோ சுத்தமாகப் பயன்படாது, கொனோரியா கிருமி சேர்ந்த நைசீரியா குடும்பத்தின் வேறு உறவுகள் அங்கே இயல்பாகவே நிறைய வாழ்கின்றன. பழைய பிசிஆர் சோதனைகள் சிலவும் தொண்டையில் அந்த உறவுகளைக் கொனோரியா என்று தவறாகக் காட்டியதுண்டு.

பயிற்சிக் காலத்தில் நடந்தது ஒன்று. நள்ளிரவில் எடுத்த ஒரு ஸ்வாபைக் கெட்டுப்போகக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் யாரோ ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டார்கள். காலையில் ஸ்லைடில் ஜோடி ஜோடியாகக் கிருமி தெரிகிறது, கல்ச்சர் தட்டு மூன்று நாளும் வெறுமையாகவே கிடந்தது. கொனோரியா கிருமிக்குக் குளிரும் ஆகாது, காய்ந்து போவதும் ஆகாது. அன்று அந்த நோயாளி முதல் மருந்தில் குணமாகாமல் திரும்பி வந்திருந்தார். எந்த மருந்து வேலை செய்யும் என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரே சோதனை அந்தத் தட்டுதான். அதை நாங்கள் இழந்தோம். கொனோரியா பென்சிலினில் தொடங்கி ஒவ்வொரு மருந்தாகத் தாண்டி வந்த கிருமி. இப்போது நம் கையில் முக்கியமாக மிஞ்சியிருப்பது செஃப்ட்ரியாக்சோன் ஊசி. கிருமி இருக்கிறது என்று பிசிஆர் சொல்லிவிடும். அது எந்த மருந்துக்குச் சாகும் என்று முழுமையாகச் சொல்ல உயிருள்ள கிருமி வேண்டும், அதற்குக் கல்ச்சர் வேண்டும். ஆகவே கொனோரியா பாசிட்டிவ் வந்தவர்கள், முக்கியமாகச் சிகிச்சைக்குப் பிறகும் அறிகுறி போகாதவர்கள், கல்ச்சரும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

யூரியாபிளாஸ்மா பர்வம் பாசிட்டிவ் என்று வந்திருப்பதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆரோக்கியமான பெண்கள் பலரிடம் அது சும்மா குடியிருக்கும் நுண்ணுயிரி. அதைத் தேடிச் சோதிக்கவே தேவையில்லை என்பதுதான் இந்தத் துறை மருத்துவர்கள் பலரின் நிலைப்பாடு. ஒரே குழாயில் பத்துப் பன்னிரண்டு கிருமிகளைத் தேடும் பேனல்கள் வந்த பிறகு, கேட்காத கேள்விகளுக்கும் பதில் வந்து விழுகிறது. அதற்கும் ஒரு மருந்து எழுதுவது தேவையற்ற ஆன்டிபயாட்டிக். மைக்கோபிளாஸ்மா ஜெனிடாலியம் வேறு ரகம். அது நோய் உண்டாக்கும், கல்ச்சரில் வளர ஆறு மாதம்கூட ஆகும், பிசிஆர் தவிர வேறு வழியில்லை. உங்களுக்கு அது நெகட்டிவ் என்பதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

விடிஆர்எல் பற்றி இரண்டு வார்த்தை. சிபிலிஸுக்கு ரத்தப் பரிசோதனைதான் முதன்மை, கிளமிடியாவுக்குச் சொன்னதற்கு நேர்மாறு. அதன் கிருமி அகர் தட்டில் வளராது. புண் இருந்தால் அதிலிருந்து நேரடியாகப் பார்க்கலாம். புண் இல்லாதபோது எதிர்ப்பொருளைத்தான் தேட வேண்டும். விடிஆர்எல், அதே வகையைச் சேர்ந்த ஆர்பிஆர் இரண்டும் கிருமியை நேரடியாகக் குறிவைக்காத சோதனைகள். கர்ப்பம், லூபஸ் என்ற தன்னுடல் தாக்கு நோய், வேறு சில தொற்றுகள் ஆகியவற்றில் தவறாகப் பாசிட்டிவ் வரலாம். அதனால் பாசிட்டிவ் வந்தால் டிபிஹெச்ஏ போன்ற கிருமிக்கே உரிய சோதனையால் உறுதி செய்வார்கள். டிபிஹெச்ஏ பெரும்பாலும் ஆயுள் முழுக்கப் பாசிட்டிவாகவே இருக்கும், எனவே மருந்து வேலை செய்ததா என்று பார்க்க விடிஆர்எல் அளவு நான்கில் ஒரு பங்காகக் குறைகிறதா என்று பார்ப்பார்கள். உங்கள் இருவருக்கும் நெகட்டிவ் என்பது ஆறுதல்தான். ஆனால் தொற்றிய ஆரம்ப வாரங்களில் இது நெகட்டிவாகவே இருக்கும். 3 மாதம் கழித்து ஒருமுறை திரும்பச் செய்துகொள்ளுங்கள். எச்ஐவி சோதனை இதுவரை செய்யவில்லை என்றால் இப்போதே இருவரும் செய்துவிடுங்கள், கிளமிடியா வந்த எல்லோருக்கும் நான் சொல்வதுதான்.

இனி செய்ய வேண்டியது. மகளிர் மருத்துவரிடம் இந்த வாரமே போங்கள். கிளமிடியாவுக்கு வழக்கமாக டாக்ஸிசைக்ளின் 7 நாள் தருவார்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டு என்றால் மருந்து எழுதும் முன்பே சொல்லுங்கள், அப்போது மருந்து மாறும். உங்கள் கணவர் ரிப்போர்ட் நெகட்டிவாக இருந்தாலும் அவரும் உங்களோடு சேர்ந்து சிகிச்சை எடுக்க வேண்டும். கடந்த 60 நாளில் உடலுறவு இருந்த துணை எவருக்கும், சோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்து கொடுப்பதுதான் நடைமுறை. அவர் தொண்டைக்குச் சாப்பிட்ட மாத்திரையை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இருவரும் மருந்தை முடிக்கும் வரை சேராதீர்கள். ஒரே வேளையில் முடியும் மருந்தாக இருந்தால் அதற்குப் பிறகு 7 நாள். நடுவில் அடிவயிற்று வலியோ காய்ச்சலோ வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். தொற்று கருக்குழாய் வரை ஏறியிருந்தால் ஒவ்வொரு நாளும் முக்கியம், பின்னாளில் கருத்தரிப்பதையே அது பாதிக்கலாம்.

மறுபடி சோதனை செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். மருந்து முடிந்த கையோடு ஓட வேண்டாம். இறந்த கிருமியின் மரபணுத் துண்டுகள் சில வாரம் உள்ளேயே கிடக்கும். பிசிஆருக்கு உயிருள்ளது, இறந்தது என்ற பேதம் தெரியாது. நான்கு வாரத்துக்குள் செய்தால் குணமானவருக்கும் பாசிட்டிவ் வந்து, மறுபடி வீட்டில் பேச்சு நின்றுவிடும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் நான்கு வாரம் கழித்துப் பார்ப்பது வழக்கம். மற்றவர்களுக்கு 3 மாதம் கழித்து ஒருமுறை, விடிஆர்எல்லோடு சேர்த்தே செய்யலாம். அது மருந்து வேலை செய்யவில்லையோ என்ற சந்தேகத்துக்காக அல்ல, மறுதொற்று இந்த நோயில் சகஜம் என்பதற்காக. அப்போது உங்களுக்கு யோனி ஸ்வாப், அவருக்கு முதல் சிறுநீர். லேப் ஊழியர் பழக்கத்தில் நடுச் சிறுநீர் என்று சொன்னால், இது கிளமிடியா பிசிஆருக்கு என்று சொல்லித் திருத்துங்கள்.

மருத்துவரிடம் போகும்போது எல்லா ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் போங்கள், ஸ்வாப் ரிப்போர்ட் மேலே இருக்கட்டும். கணவரையும் அழைத்துப் போங்கள். நடுச் சிறுநீர் கொடுத்ததையும் தொண்டைக்கு மாத்திரை சாப்பிட்டதையும் மருத்துவரிடம் அவரே சொல்லட்டும்.